பாம்பு கழுவும் செலிமோ

செலிமோ உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் மலையில் குறைவு. தேயிலைச் சரிவில் அவள் இறங்கி வருவதைப் பார்த்தால் பின்னால் யாரோ துரத்துகிறார்கள் என்றுதான் தோன்றும். யாரும் துரத்துவதில்லை. களியை நின்றுகொண்டே தின்பாள். தேநீரைக் கொதிக்கக் கொதிக்க இரண்டே இழுப்பில் முடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் எழுந்துபோய் சர்ச் வாசலைப் பெருக்க ஆரம்பித்துவிடுவாள். "இவளைப் பெத்தப்போ இவங்கம்மா பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டிருந்தா போல" என்று பாதிரியாரே ஒருமுறை பிரசங்க மேடையிலிருந்து கேலி செய்தார். சபை சிரித்தது. செலிமோ அதைக் கேட்க அங்கே இல்லை, வெளியே துடைப்பத்தோடு இருந்தாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: காத்திருக்கிற வேலை.

கப்தெரேர் மிஷன் ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்தம் செய்ய இரண்டு அறைகள். ஒன்று சாம்வெலுடையது. கத்தி, கத்தரிக்கோல், துணி எல்லாம் அவனுடைய நீராவிப் பெட்டிக்குள் போய் வெந்து கிருமியில்லாமல் வெளியே வரும். சூடு தாங்காத பொருள்கள் மட்டும் செலிமோவிடம் வரும். அவற்றில் முக்கியமானது தொண்டை வழியாக விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப். விரல் பருமனில், கறுப்பாக, நீளமாக, நுனியில் விளக்கும் கண்ணும் வைத்து வளைந்து வளைந்து போகும். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதைப் பாம்பு என்றே சொல்வோம். சாம்வெலின் பெட்டிக்குள் வைத்தால் பாம்பு உருகிக் கூழாகிவிடும். அதனால் கையால் கழுவி, உள்ளே ஓடும் துளைகளில் தூரிகை விட்டுத் தேய்த்து, தோலில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, மருந்துநீரில் முழுதாக முக்கி ஊறவைத்து, அலசி, உலர்த்தித் தொங்கவிட வேண்டும். அந்த மருந்துக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. எங்கள் ஆட்கள் கண்ணெரிச்சல் என்பார்கள், அது போதும்.

"என்னுது சமையல். உன்னுது ஊற வெச்ச துணி" என்பான் சாம்வெல்.

"உன் சமையலுக்கு எதுக்குடா மூளை? எதைப் போட்டாலும் வேகும். என்னுது பச்சப்புள்ளையக் குளிப்பாட்டுற வேலை" என்பாள் அவள். சொல்லிக்கொண்டே அறைக்குள் நடப்பாள். பாம்பு ஊறுகிற நேரம் முழுக்க நடப்பாள். அந்த அறையின் சிமென்ட் தரையில் அவள் நடந்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

பாம்புக்கு எங்கள் மலையில் ஓய்வே கிடையாது. தொண்டைக்குழலில் கட்டி வந்து சோறு தண்ணீர் இறங்காமல் போகிறவர்கள் இங்கே அதிகம். தேநீரை அவ்வளவு சூடாகக் குடிக்காதீர்கள் என்கிறார்கள் டாக்டர்கள். எங்கள் ஆட்கள் பக்கத்து வீட்டுக்காரனின் சாபம் என்கிறார்கள். சாபத்தை நம்புகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் அதற்காகத் தேநீரை ஆற வைக்க வேண்டியதில்லை. வெட்டி எடுக்க முடியாத அளவுக்குக் கட்டி முற்றிப்போனால், டாக்டர் சாங் பாம்பை உள்ளே விட்டுப் பார்த்து, அடைத்த இடத்தில் கம்பி வலைக்குழாய் ஒன்றைப் பொருத்துவார். குழாய் விரிந்து வழிவிடும். அப்புறம் சாப்பிடலாம். நோய் போகாது, பசி போகும்.

செலிமோவின் புருஷன் கிப்சோய் அவளுக்கு நேர் எதிர். தேயிலைக் கொள்முதல் கொட்டகையில் இலை எடை போடுகிறவன். தராசு முள் ஆடி நிற்கும்வரை பேச மாட்டான், நின்ற பிறகும் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவான். இந்த இரண்டு பேரும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று ஊரே வியந்தது உண்டு. ஒருத்தி வீட்டில் இருப்பதே இல்லை, ஒருத்தன் வீட்டை விட்டுக் கிளம்புவதே இல்லை, சண்டை எப்படி வரும் என்பான் சாம்வெல்.

வீட்டு நாய் கொழுத்ததைத்தான் செலிமோ முதலில் கவனித்தாள். "மாவு விக்கிற விலையில நாய்க்கு விருந்து வெக்கிறியாய்யா?" என்று அவனைத் திட்டினாள். அவன் சிரித்துவிட்டு, "அதுக்கும் வயிறு இருக்குல்ல" என்றான். திட்டிய கையோடு அவள் மலையிறங்கிப் போய்விட்டாள். பிறகொரு நாள் ஆஸ்பத்திரி அலமாரிச் சாவியை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தபோது, மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் அவன் குந்தியிருந்தான். களியை மென்று, மென்றதை விரலால் வெளியே எடுத்து, நாயின் முன்னால் வைத்துக்கொண்டிருந்தான். தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுகிற மாதிரி அவ்வளவு பொறுமையாக.

செலிமோ அப்படியே நின்றுவிட்டாள். ஊரில் உள்ளவர்களின் தொண்டையெல்லாம் அவள் கைவழியாகப் போயிருக்கிறது. தன் வீட்டுத் தொண்டை அடைத்ததை நாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அந்த வெட்கம் இன்றுவரை அவளுக்குப் போகவில்லை.

"எப்போலேர்ந்து?"

"சோளம் கதிர் வெச்சப்போ லேசா இருந்துச்சு."

அறுவடை முடிந்து தட்டையையும் மாடு தின்று தீர்த்துவிட்டிருந்தது.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீ நின்னாத்தானே புள்ள சொல்ல முடியும்" என்றான் கிப்சோய். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னான்.

டாக்டர் சாங் படமெடுத்துப் பார்த்தார். வெட்டும் கட்டம் தாண்டிவிட்டது, வலைக்குழாய்தான் என்றார். நாள் குறித்தார். அந்த நாளில் இரண்டு சங்கடங்கள். அன்று மத்தியானமே டாக்டர் பயிற்சிக்காக நைரோபி கிளம்புகிறார், திரும்பி வர ஒரு மாதம் ஆகும், அவரை விட்டால் குழாய் பொருத்த இந்த மலையில் ஆளில்லை. இரண்டாவது, வரிசை. ஆஸ்பத்திரி ஆட்களின் சொந்தக்காரர்கள் வரிசையில் கடைசியாகத்தான் வர வேண்டும். முன்பெல்லாம் சீட்டு எழுதுகிறவனின் மச்சான், காவலாளியின் சித்தி என்று ஆளாளுக்குப் புகுந்துகொண்டிருந்தார்கள். தொலைவிலிருக்கும் நரோக்கிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்த ஏழைகள் வெயிலில் காய்ந்தார்கள். அதை எதிர்த்துக் கூட்டத்தில் எழுந்து நின்று கத்தி இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் யார் என்றால், வேறு யார், செலிமோதான். இப்போது தன் புருஷன் பெயரைத் தானே கடைசியில் எழுதச் சொன்னாள்.

கடைசி என்றாலும் கவலையில்லை என்றுதான் நினைத்தாள். ஆஸ்பத்திரியில் பாம்பு இரண்டு, மூத்தவன், இளையவன். ஒருவன் ஊறும்போது மற்றவன் வேலை செய்வான். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் முடிந்துவிடும். இளையவன் தோல் கிழிந்து வெளிநாட்டுப் பட்டறைக்குப் போயிருந்தவன், விமானமேறி, நைரோபியிலிருந்து பஸ் ஏறி, முந்தின நாள்தான் பெட்டியோடு வந்து சேர்ந்திருந்தான்.

காலையில் செலிமோ பெட்டியைத் திறந்தாள். வெளியே பெஞ்சில் கிப்சோய் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். ஊறவைக்கும் முன் பாம்புக்குள் காற்றடித்துத் தண்ணீரில் பிடித்து ஓட்டை பார்க்க வேண்டும். பட்டறையில் பழுது பார்த்து இப்போதுதான் வந்திருக்கிறது, இதில் ஓட்டை எங்கிருந்து வரும், அந்த நேரம் மிச்சம் என்று நினைத்தாள். தேய்த்துக் கழுவிய இளையவனை அப்படியே தொட்டியில் முக்கினாள்.

குமிழி வந்தது. ஒன்றிரண்டு அல்ல, சரம் சரமாக.

அப்போதுதான் கண்ணில் பட்டது, பாம்பின் பின்பக்கச் செருகியில் ஒரு சின்ன மூடி. விமானத்தில் போகும்போது உள்ளே அடைபட்ட காற்று பாம்பின் தோலைக் கிழித்துவிடாமல் இருக்க, காற்று போக வர வழிவிடுகிற மூடி அது. காற்றுக்கு வழிவிடுவது தண்ணீருக்கும் வழிவிடும். பழைய காலத்தில் ஆஸ்பத்திரியில் கிருமி கொல்ல வாயு அடைக்கும் பெட்டி ஒன்று இருந்தது. அதில் பாம்பை வைக்கும்போது இந்த மூடி இருக்க வேண்டும், தண்ணீரில் வைக்கும்போது கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செலிமோ சொல்லுவாள். வாயுப் பெட்டி போய் வருஷக்கணக்காயிற்று, மூடியும் கண்ணிலிருந்து போயிற்று. ஓட்டை பார்த்திருந்தால், காற்றுக்குழாய் மாட்டுவதற்காக மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பார்க்கவில்லை.

வெடுக்கென்று வெளியே இழுத்தாள். இழுத்து என்ன பயன்? நேராக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள், கையுறையிலிருந்து மருந்துநீர் சொட்டச் சொட்ட.

"டாக்டர், கெடுத்துட்டேன். மூடியோட முக்கிட்டேன்."

டாக்டர் சாங் திரையில் மாட்டிப் பார்த்தார். எங்கள் மலையின் ஜூலை மாதத்துக் காலைபோல ஒரே மூடுபனி. பிறகு அதுவும் அணைந்தது.

"என்னம்மா இது? எத்தனை மாசம் காத்திருந்தோம் இதுக்கு! உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் டாக்டர்."

"தெரிஞ்சுமா?"

டாக்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் அன்று அவர் பேசியது அறைக்கு வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டது.

மூத்தவன் ஒருவனே மிச்சம். ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் அவன் கழுவி ஊறி வர வேண்டும். அப்படியானால் பாதிப் பேருக்குத்தான் நேரமிருக்கும். சிஸ்டர் மொரா வெளியே வந்து, கைதட்டி எல்லோரையும் கவனிக்கவைத்துச் சொன்னாள். அவள் கிசி நாட்டுக்காரி, சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"ஒரு மெஷின் போச்சு. இன்னிக்கு, தண்ணிகூட இறங்காதவங்களுக்கு மட்டுந்தான். பாலோ கஞ்சியோ இறங்குறவங்க டாக்டர் வந்தப்புறம் வாங்க. பொய் சொல்லாதீங்க, சாமி பாத்துட்டிருக்கு."

பெஞ்சில் முணுமுணுப்பு எழுந்தது. சிவப்புத் தலைத்துண்டு கட்டிய ஒருத்தி, அப்பனைக் கூட்டி வந்தவள், பக்கத்து ஆளிடம் சத்தமாகவே சொன்னாள்: "உடைச்சது யாருங்கிற? அதோ கோட்டு போட்டுட்டு உக்காந்திருக்காரே, அவரு சம்சாரம். பாரேன், இப்போ அவரைத்தான் மொதல்ல உள்ள விடுவாங்க."

கிப்சோய் அதைக் கேட்டான். முகம் மாறவில்லை. மொரா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து அவன் முன் நின்றாள்.

"அண்ணே, உங்களுக்கு?"

"எனக்குத் தண்ணி இறங்குது" என்றான் கிப்சோய். "பாலும் இறங்குது. நான் அப்புறமா வர்றேன்."

வாசல் நிலையில் நின்றிருந்த செலிமோ அதைக் கேட்டாள். இரண்டு நாளாக அவன் எச்சிலைக்கூட விழுங்கவில்லை. கோட்டு மடிப்புக்குள் ஒரு தகர டப்பா வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது அதில் துப்புகிறான். தண்ணீர்கூட இறங்காத ஆள் ஒரு மாதம் கழித்து உயிரோடு இருப்பானா? அவளைவிட நன்றாக இது யாருக்குத் தெரியும்?

"பொய்" என்றாள்.

"செலிமோ, நீ உள்ள போ."

"பொய் சொல்றான் சிஸ்டர்."

"என் தொண்டை எனக்குத் தெரியாதா? போ புள்ள, வேலையைப் பாரு."

அவள் உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள், கையில் ஒரு கோப்பைத் தண்ணீர்.

"குடி."

"தாகமில்ல."

"குடிய்யா. எல்லாரும் பாக்கட்டும்."

கிப்சோய் அவளை ஏறிட்டுப் பார்த்தான். கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அவள் கோப்பையை நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் வாங்கி ஒரு மடக்கு வாயில் வைத்தான். கன்னம் உப்பியது. தொண்டை மேலே ஏறி இறங்கியது, மறுபடி ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. பெஞ்சு முழுவதும் அந்தத் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. டப்பாவைத் தேடிக் கை கோட்டுக்குள் போவதற்குள், தண்ணீர் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வந்து மார்பெல்லாம் கொட்டியது.

செலிமோ தன் ஏப்ரனால் அவன் முகத்தைத் துடைத்தாள். மெதுவாகத் துடைக்க அவளுக்குத் தெரியாது, பானை தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். தேய்க்கும்போதே அழுதாள்.

"நாலு பேர் மத்தியில கட்டினவனைக் கேவலப்படுத்துறியேம்மா" என்றார் ஒரு கிழவர்.

"சும்மா இருங்க பெரியவரே, இதுல என்ன கேவலம்?" என்று எழுந்தவள் அதே சிவப்புத் துண்டுக்காரி. "எங்கப்பனுக்குப் பால் இறங்குது, நாங்க அடுத்த மாசம் வர்றோம். அந்த அண்ணனை உள்ள கூப்பிடுங்க." அப்பனைக் கைத்தாங்கலாக எழுப்பி நடக்கவைத்தவள், செலிமோவைத் தாண்டும்போது நின்றாள். "அடுத்த மாசத்துக்குள்ள இருக்கிற ஒண்ணையும் உடைச்சு வெச்சிராத, தாயி."

தண்ணீர் இறங்காதவர்களிலும் கிப்சோய்தான் கடைசி. அதை மாற்ற அவனும் விடவில்லை, அவளும் கேட்கவில்லை. டாக்டரின் வண்டி வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது, டிரைவர் இறங்கிப் புகைபிடித்தான், மறுபடி அடித்தான். மூத்தவன் ஊறிக்கொண்டிருந்தான். தொட்டிக்குப் பக்கத்தில் செலிமோ நடந்தாள். கிப்சோய்க்கு முன் உள்ளே போன ஆளுக்குச் சளியில் ரத்தம், காசநோய் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கை இரண்டுமுறை தொட்டிக்குள் போனது, இரண்டுமுறையும் வெறுங்கையாக வந்தது. கொஞ்சம் முன்னால் எடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அது போகப்போவது கிப்சோயின் தொண்டைக்குள். மற்றவர்களின் தொண்டைக்காகவும் இப்படிப் பயந்திருக்கிறாளா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், பதில் பிடிக்கவில்லை, நடந்தாள்.

நேரம் ஆன பிறகுதான் எடுத்தாள். அலசி உலர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கதவு மூடியது.

கதவு திறந்தபோது மொரா பாம்பைக் கொண்டுவந்தாள். "அக்கா, இதை நான் கழுவுறேன். நீங்க போய் அவரைப் பாருங்க."

"விடு."

"அக்கா..."

"விடுன்னா விடு. உனக்கு மூணாவது துளையில தூரிகை ஒழுங்காப் போகாது."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரின் உள்ளே இருந்ததைக் கழுவியிருக்கிறாள். யாருடையது என்று நினைத்ததில்லை, நினைத்தால் இந்த வேலை செய்ய முடியாது. இன்று தெரிந்தது. தூரிகையின் நுனியில் வந்த ரத்தமும் சதைத் துணுக்கும் கிப்சோய். குழாயடியில் ஓடிக் கலங்கலாகச் சாக்கடைக்குப் போனதும் அவன்தான். ஆனாலும் தேய்த்தாள். பாம்பில் ஒட்டிக் காய்ந்துபோனால் அப்புறம் எந்த மருந்தும் கேட்காது.

டாக்டர் சாங் கோட்டை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "நல்லாப் பொருந்தியிருக்கு. தொண்டையில மரப்பு விட்டதும் ஒரு மடக்கு தண்ணி குடுத்துப் பாருங்க. இறங்கினா சரி."

"இறங்கலைன்னா டாக்டர்?"

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டார். "குழாய் நகராம இருந்தா இறங்கும்" என்றார். பிறகு, "இளையவன் விஷயம் நான் வந்ததும் பேசணும்" என்றார்.

"சரிங்க."

வண்டி போய்விட்டது. குழாய் போட்டுக்கொண்டவர்கள் கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரிக்கு ஒரு கோழியோடு வந்து சிரித்துவிட்டுப் போவார்கள். அடுத்த அறுவடைக்கு, அவர்கள் போய்ச் சேர்ந்த சேதியோடு வீட்டிலிருந்து வேறு யாராவதுதான் வருவார்கள். இது செலிமோவுக்குத் தெரியாததல்ல. அவள் இப்போது கேட்பதெல்லாம் நடுவிலே இருக்கிற அந்தக் காலத்தைத்தான். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற காலம்.

பாம்பை ஊறப்போட்டாள். தொட்டியை மூடினாள். மூடியைத் துடைத்தாள். குழாயடியைத் தேய்த்தாள், தேய்த்த குழாயடியையே மறுபடியும் தேய்த்தாள்.

"மரப்பு விட்டுருச்சு அக்கா" என்று மொரா வந்து நின்றாள். "வாங்க, தண்ணி குடுக்கலாம்."

"நீ குடு. எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை? எல்லாந்தான் ஊறுதே."

"குடுன்னு சொன்னேன்ல!"

மொரா போய்விட்டாள். செலிமோவுக்கு வேலை எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. காலையில் கோப்பையை நீட்டிய தைரியம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மறுபடியும் அந்தத் தண்ணீர் மூக்கு வழியே திரும்பி வருவதைப் பார்க்க அவளால் முடியாது. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து அறைக்கும் இதற்கும் நடுவே மேல் பக்கம் திறந்த தடுப்புதான். கோப்பை தட்டில் படும் சத்தம் கேட்டது. "மெதுவா, அண்ணே, மெதுவா" என்றாள் மொரா. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இருமல் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வரவில்லை. வேறு சத்தமும் வரவில்லை.

அப்புறம் கிப்சோயின் குரல், கரகரவென்று:

"போயிருச்சு சிஸ்டர். கீழ போயிருச்சு. இன்னொரு மடக்கு ஊத்தி வையி. அதை அவ வந்து பாக்கட்டும்."

செலிமோ கையைக்கூடத் துடைக்காமல் போனாள்.